கிழமை உள்ள தோட்டம்

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரை மணி. ஐயப்பன்தாங்கல் பஸ் டெப்போ வாசலில் டீக்கடை பாய்லரும் நானும்தான் விழித்திருந்தோம். தோளில் மஞ்சப்பை. பைக்குள் செய்தித்தாளில் சுற்றிய களைக்கொத்து. அதன் பிடி ஒரு சாண் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் கண்டக்டர் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன சார், நிலம் கிலம் வாங்கியிருக்கீங்களா?"

"இல்லைங்க. அடையாறு ஓரமா ஒரு தோட்டம். களை எடுக்கப் போறேன்."

"கூலி எவ்ளோ?"

"டீ தருவாங்கன்னு நினைக்கிறேன்."

டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு முன்னால் போய் டிரைவரிடமும் அதைச் சொன்னார். இருவரும் சிரித்தது கேட்டது. சிரிக்கட்டும். இந்த வயதில் எனக்கே அது சிரிப்பாகத்தான் இருந்தது.

எங்கள் பக்கத்து ஊர்ப் பெயர்களை வரிசையாகச் சொன்னால் தண்ணீரும் பூவும் வந்துவிடும். தாங்கல் என்றால் மழைநீரைத் தாங்கி நிறுத்தும் சிறிய ஏரி. மேற்கே பூந்தமல்லி, பழைய பெயர் பூவிருந்தவல்லி. தென்மேற்கே மாங்காடு, மாமரக் காடாக இருந்த ஊர். கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி வரை அமைக்கும் மெட்ரோ வழித்தடத்தில் 'முல்லைத் தோட்டம்' என்றே ஒரு நிலையம் இருக்கிறது. பெயரில் இருக்கும் முல்லையைத் தரையில் தேடினால் தூணும் அடுக்குமாடியும்தான் கிடைக்கும்.

சென்னையின் பழைய பொதுத் தோட்டங்களில் எவை பிழைத்தன, எவை போயின, பிழைத்தவை யார் கையால் பிழைத்தன என்று ஒரே நாளில் சுற்றிப் பார்த்துவிட வேண்டும் என்பது திட்டம். மவுண்ட்–பூந்தமல்லி சாலையில் போய், பூந்தமல்லி நெடுஞ்சாலையில் திரும்புவது. இரண்டு சாலையுமே அந்தப் பூ ஊரின் பெயரைச் சுமக்கின்றன. ஆனால் தோட்டத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒரு மணி நேரமாவது மண்ணில் உட்கார வேண்டும் என்று நண்பர் ஒருவர் நிபந்தனை போட்டிருந்தார். அதனால்தான் களைக்கொத்து.

கிண்டியில் இறங்கி ஆட்டோ பிடித்து கோட்டூர்புரம் போய்ச் சேர்ந்தபோது மணி ஏழாகவில்லை. பறக்கும் ரயில் நிலையத்தை ஒட்டி, அடையாற்றின் கரையில் இருக்கிறது மரப்பூங்கா. பொதுப்பணித் துறைக்குச் சொந்தமான நிலம். ஒரு காலத்தில் குப்பையும் கட்டட இடிபாடும் கொட்டும் இடம். 'நிழல்' என்ற தன்னார்வ அமைப்பு 2005இல் தொடங்கியது. அடுத்த ஆண்டே இந்த நிலத்தில் கை வைத்தது. ஞாயிறுதோறும் வந்து, குப்பையை அள்ளி, குழி தோண்டி, நம் மண்ணின் மரங்களாகப் பார்த்து நட்டிருக்கிறார்கள். புங்கம், பூவரசு, நாவல், இலுப்பை, மகிழம், நீர்மருது. இன்று உள்ளே நுழைந்தால் வெயில் வாசலிலேயே நின்றுவிடுகிறது.

பத்துப் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். ஓய்வு பெற்ற வங்கிக்காரர் ஒருவர், ஐடி கம்பெனி இளைஞர்கள் நான்கு பேர், பாட்டியோடு வந்த ஒரு சிறுமி, கல்லூரி மாணவிகள். அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா வேலையைப் பிரித்துக் கொடுத்தார். இரண்டு பேர் களைக்கு. மூன்று பேர் மூடாக்குக்கு. அதாவது உதிர்ந்த சருகை அள்ளி மரத்தின் தூரைச் சுற்றிப் பரப்ப வேண்டும். சருகைக் குப்பை என்று நினைத்துக் கூட்டி எரிப்பது நகரத்து வழக்கம். மரத்துக்கோ அதுதான் போர்வையும் சோறும். ஈரம் போகாது, களை முளைக்காது, ஆறு மாதத்தில் மட்கி உரமாகிவிடும். தூரைத் தொடாமல் ஒரு சாண் தள்ளிப் போட வேண்டும். ஒட்டிப் போட்டால் பட்டை அழுகும். இவ்வளவையும் சிறுமிதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

எனக்குக் களை. உட்கார்ந்த இடத்திலேயே நகர்ந்து நகர்ந்து கொத்தினேன். பார்த்தீனியம், உண்ணிச்செடி, தலைகாட்டும் சீமைக் கருவேலம். கருவேலத்தை மேலே வெட்டினால் நான்காகத் துளிர்க்கும், வேரோடு வரவேண்டும். அரை மணி நேரத்தில் முதுகு பேச ஆரம்பித்தது. கொத்திப் போட்டதையெல்லாம் பாண்டில் அள்ளிக்கொண்டு பெருமையாக அந்த அம்மாவிடம் போய்க் காட்டினேன். அவர் குனிந்து, குவியலுக்குள்ளிருந்து ஓர் இளங்கன்றைத் தனியே எடுத்தார்.

"இது மகிழம், சார்."

என் முகம் போன போக்கைப் பார்த்து அவரே சமாதானம் சொன்னார்: "பரவாயில்ல. முதல் நாள் எல்லாரும் ஒண்ணைப் பிடுங்குவாங்க. அடுத்த வாரம் வந்து அதே இடத்துல ஒண்ணு நட்டுடுங்க. கணக்கு நேராயிடும்."

டீ வந்தது. பேச்சு வெள்ளத்துக்குப் போனது. 2015 டிசம்பரில் அடையாறு கரை தாண்டியபோது கோட்டூர்புரமே மூழ்கியது. ஆற்றோரத்துப் பூங்கா தப்புமா? அடுத்த ஆண்டு டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயல். நகரம் முழுக்க ஆயிரக்கணக்கில் மரங்கள் சாய்ந்தன. தூரைச் சுற்றி சிமென்ட் பூசப்பட்டவை, வேர் ஓட இடமில்லாதவை, அழகுக்காக நட்ட வெளிநாட்டு மரங்கள் ஆகியவைதான் அவற்றில் அதிகம். ஓராண்டு இடைவெளியில் இரண்டு அடி. "அப்புறம் எப்படித் திரும்ப ஆரம்பிச்சீங்க?" என்று கேட்டேன். ஏதாவது பெரிய கதை வரும் என்று எதிர்பார்த்தேன்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை வந்தோம்" என்றார் வங்கிக்காரர். கொஞ்சம் பொறுத்து, "நன்கொடை தரேன்னு நெறைய பேர் சொல்வாங்க, தம்பி. பணம் ஒருநாள் வரும், கன்னு வாங்கலாம். கன்னுக்கு வேண்டியது கிழமை. யாராவது ஒருத்தர் தவறாம வரணும்" என்றார்.

அந்தக் 'கிழமை'யைப் பையில் போட்டுக்கொண்டு பறக்கும் ரயில் ஏறினேன்.

திருமயிலையில் இறங்கி லஸ் வரை நடை. நாகேஸ்வரராவ் பூங்காவில் காலை நடையாளர்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். அமிர்தாஞ்சனத்தை 1893இல் பம்பாயில் தொடங்கி, பின்பு சென்னைக்குக் கொண்டுவந்த காசிநாதுனி நாகேஸ்வரராவ் பந்துலுவின் பெயர் கொண்ட பூங்கா இது. ஆந்திரத் தலைவர்கள் 1937இல் கூடி ஒப்பமிட்ட 'ஸ்ரீபாக் ஒப்பந்தம்' உருவானது இந்த வட்டாரத்தில் இருந்த அவருடைய வீட்டில்தான். அடுத்த ஆண்டு அவர் மறைந்தார். தலைவலித் தைலத்தில் வந்த பணம் நாளிதழாயிற்று, நூல் வெளியீடாயிற்று. பூங்கா வாசலில் தலைவலியோடு நுழைகிறவர்களுக்கு இன்றும் அவர் ஏதோ தந்துகொண்டுதான் இருக்கிறார்.

பூங்காவின் பராமரிப்பைச் சுந்தரம் ஃபைனான்ஸ் நிறுவனம் ஏற்றிருந்ததை மயிலாப்பூர்வாசிகள் நன்றாகவே அறிவார்கள். ஆனால் பூங்காவைப் பூங்காவாக வைத்திருப்பது அந்தப் பராமரிப்பு மட்டும் என்று தோன்றவில்லை. மைக் இல்லாமல் குழந்தைகள் மரத்தடியில் உட்கார்ந்து பாடும் ஞாயிற்றுக் கச்சேரிகளுக்குப் பெயர்போன இடம் இது. பெஞ்சுகளில் வழக்கமான முகங்கள். ஒரு குழாய் ஒழுகினால் அன்று மாலைக்குள் நான்கு பேராவது புகார் சொல்லிவிடுவார்கள். புகார் சொல்லுவதும் ஒரு தொண்டுதான். யாரும் புகார் சொல்லாத பூங்காவைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும்.

அங்கிருந்து கதீட்ரல் சாலை அதிக தூரமில்லை. 1835இல் சென்னையில் வேளாண் தோட்டக்கலைச் சங்கம் தொடங்கியது. முன்னின்றவர் ராபர்ட் வைட் என்ற மருத்துவர். தென்னிந்தியச் செடி கொடிகளை வரைந்து வகைப்படுத்திப் பதிப்பித்தவர். பின்னாளில் சென்னை மாகாணத்தின் காடுகளுக்குப் பொறுப்பேற்ற ஹியூ கிளெகார்னும் இந்தச் சங்கத்துக்காக உழைத்தார். சம்பளத்துக்கு வேறு வேலை, தோட்டம் ஆசைக்கு. ஊட்டி தாவரவியல் பூங்காவின் தொடக்கமும் ஏறக்குறைய அப்படித்தான்: மலையில் குடியிருந்த வெள்ளைக்காரர்கள் மலிவாகக் காய்கறி கிடைக்க வேண்டும் என்று சந்தா திரட்டிப் போட்ட தோட்டம், 1848இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து மக்ஐவர் என்ற தோட்டக்கலைஞர் வந்த பிறகு மலர்த் தோட்டமாயிற்று. கோஸும் கேரட்டும் வேண்டும் என்ற ஆசையில் முளைத்த பூங்காவுக்குத்தான் இன்று நாம் மே மாதத்தில் வரிசையில் நிற்கிறோம்.

கதீட்ரல் சாலையில், சென்னைச் சங்கத்தின் கையில் இருந்த தோட்ட நிலத்தில் 2010இல் திறந்த செம்மொழிப் பூங்கா, பலருக்கு உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் உணவகமாக நினைவிருக்கும் இடம். காருக்குள்ளேயே உட்கார்ந்து மசால் தோசை சாப்பிட்ட தலைமுறை இன்னும் பெருமூச்சு விடுகிறது. அந்த நிலத்தை ஒட்டி எழுந்த வழக்குகளுக்குள் நான் போகவில்லை. கேட்டுக்கு வெளியே நின்று கணக்கு மட்டும் போட்டேன்: தோட்டமாகத் தொடங்கி, வேறாகி, மறுபடி தோட்டமாகத் திரும்பிய இடம் இந்த நகரத்தில் எத்தனை? ஒரு கை விரலில் பாதிகூடத் தேறவில்லை. திரும்பாத இடத்தைத்தான் அடுத்துப் பார்க்க வேண்டியிருந்தது.

மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு சென்ட்ரல் போய்ச் சேர்ந்தேன். ரிப்பன் கட்டடத்தின் முன்னால் வெயிலில் நின்று, "மக்கள் பூங்கா எங்கே?" என்று யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். மெட்ரோ வாசலைக் காட்டுவார்கள். நீங்கள் நிற்பதே அதற்குள்தான்.

1859இல் ஆளுநர் சார்லஸ் டிரெவெலியன் நகர மக்களுக்கென்று திட்டமிட்ட பூங்கா அது. 116 ஏக்கர். பதினொரு குளங்கள், உள்ளுக்குள் மைல்கணக்கில் சாலைகள், இசைக்குழு வாசிக்க மேடை, பிறகு மிருகக்காட்சி சாலை. 1886ஆம் ஆண்டின் கடைசி நாளில் பூங்காக் கண்காட்சியில் தீப்பிடித்து நிறைய உயிர்கள் போயின. பூங்காவைத் தின்றது தீயல்ல. 1880களில் விக்டோரியா பொதுமண்டபம் ஒரு துண்டு எடுத்துக்கொண்டது. 1900இல் மூர் மார்க்கெட். 1913இல் ரிப்பன் கட்டடம். பிறகு விளையாட்டரங்கம். ஒவ்வொன்றும் நல்ல காரியம். ஒவ்வொன்றும் ஊருக்கு வேண்டியது. அதுதான் சங்கடம். பொதுத் தோட்டத்தைக் கெட்ட காரியத்துக்காக யாரும் கேட்பதில்லை. மிருகங்கள் 1985இல் வண்டலூர் போயின. அதே ஆண்டு மூர் மார்க்கெட்டும் எரிந்துபோனது. இன்று மிச்சமிருப்பது மை லேடீஸ் பூங்கா என்ற சிறு துணுக்கு. அங்கே ஒரு மரத்தடியில் ரயிலுக்குக் காத்திருந்த குடும்பம் ஒன்று புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தது. டிரெவெலியன் நினைத்ததும் இதுவாகத்தான் இருக்கும். மரம்தான் போதவில்லை.

அதே 1859இல் சிங்கப்பூரில், சென்னையில் இருந்ததைப் போன்ற ஒரு வேளாண் தோட்டக்கலைச் சங்கம் டாங்லின் பகுதியில் ஒரு தோட்டம் போட்டது. சங்கத்தின் கையில் பணம் வற்றியதும் 1870களில் அரசு எடுத்துக்கொண்டது. அந்தத் தோட்டம் 2015இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னம் ஆயிற்று. சனிக்கிழமைகளில் தன்னார்வலர்கள் வருகிறவர்களை இலவசமாக அழைத்துப்போய் மரம் மரமாகக் கதை சொல்கிறார்கள். நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கும் நம் மக்கள் பூங்காவுக்கு ஒரு வயதுதான் மூப்பு. 1970களில் அது புல் செத்து, பெஞ்சு உடைந்து, இருட்டினால் யாரும் நுழையாத இடமாகிவிட்டது. 1980இல் ஊர்க்காரர்கள் சேர்ந்து ஓர் அமைப்பைத் தொடங்கி மெல்ல மெல்ல மீட்டார்கள். அவர்கள் கண்ட வழிகளில் எனக்குப் பிடித்தது ஒன்று: பூங்காவை 49 துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு தோட்டக்காரரைப் பொறுப்பாக்கினார்கள். பின்னால் தன்னார்வலர்கள் எத்தனை பேர் நின்றாலும், இந்தத் துண்டு வாடினால் இன்னார்தான் பதில் சொல்ல வேண்டும். 'எல்லாருடையதும்' என்ற சொல்லை 'இன்னாருடையது' என்று மாற்றியதில் பாதி வேலை முடிந்துவிட்டது.

சென்ட்ரலிலிருந்து பூந்தமல்லி பஸ். மக்கள் பூங்காவின் வாசலில் தொடங்கும் நெடுஞ்சாலை பூ ஊரில்தான் போய் முடிகிறது என்பதை இத்தனை வருடம் இந்தப் பக்கம் குடியிருந்தும் நான் யோசித்ததில்லை. வழியில் கோயம்பேடு. நகரத்துக்கு வேண்டிய மல்லியும் சாமந்தியும் இப்போது அங்கே லாரியில் வந்து இறங்குகின்றன. பூந்தமல்லியில் இறங்கியபோது கோயில் தெருவில் பூக்காரம்மாக்கள் முழம் போட்டுக்கொண்டிருந்தார்கள். "எங்கிருந்து வருதுக்கா பூ?" என்றேன். "கோயம்பேடுதான், வேற எங்க?" என்றார் ஒருவர். பூ இருந்த ஊருக்கே பூ பஸ்ஸில் வருகிறது.

வரதராஜப் பெருமாள் கோயிலில் திருக்கச்சி நம்பி சன்னிதி முன் நின்றேன். பதினோராம் நூற்றாண்டுக்காரர், ராமானுஜர் ஆசானாகக் கொண்டாடியவர், இந்த ஊரில் பிறந்தவர். இங்கே நந்தவனம் வைத்து, பூப்பறித்து, மாலை கட்டி, காஞ்சிபுரத்து வரதருக்கு நடந்தே கொண்டுபோய்ச் சேர்த்தார் என்பது ஊர் சொல்லும் கதை. காஞ்சி இங்கிருந்து ஐம்பது கிலோமீட்டர் இருக்கும். கதையைச் சொல்லுகிறவர்கள் பக்தியைச் சொல்வார்கள். களைக்கொத்துப் பிடித்துக் கை காய்த்திருந்த எனக்கு வேறொன்று உறைத்தது. மாலை ஒரு நாளில் வாடிவிடும். அதனால் நாளையும் பறிக்க வேண்டும். நாளை பறிக்க வேண்டுமானால் இன்று தண்ணீர் விட வேண்டும். நந்தவனம் என்பது தவறாத கால அட்டவணை.

வைணவம் முழுக்க இந்தத் தோட்டக்காரர்கள் நிறைந்திருக்கிறார்கள். வில்லிபுத்தூரில் பெரியாழ்வார், அரங்கத்தில் தொண்டரடிப்பொடி. திருமலையில் நந்தவனம் போட்டு ஏரி வெட்டிய அனந்தாழ்வானின் கடப்பாரை இன்றும் கோயில் வாசலில் தொங்குகிறது. மன்னர்களின் வாளைத் தொங்கவிட்ட வாசல்கள் உண்டு. கடப்பாரையைத் தொங்கவிட்ட வாசல் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். சைவத்திலும் குறைவில்லை. பூந்தமல்லிக்குத் தெற்கே சில கிலோமீட்டரில் குன்றத்தூர், பெரியபுராணம் பாடிய சேக்கிழாரின் ஊர். அவர் பாடிய அப்பர் கோயில் கோயிலாகப் போய்ப் புல் செதுக்கியவர். சிற்பங்களில் அவரைக் கண்டுபிடிப்பதே தோளில் சாய்ந்திருக்கும் உழவாரத்தை வைத்துத்தான். இன்றும் தமிழ்நாடு முழுக்க உழவாரப்பணிக் குழுக்கள் மாதத்தில் ஒரு ஞாயிறு வேன் பிடித்துப் போய், பாழடைந்த கோயிலில் முட்செடி வெட்டி, நந்தவனத்தில் வில்வமும் அரளியும் நட்டுவிட்டு வருகின்றன. கோட்டூர்புரத்துக் குழுவுக்கும் இவர்களுக்கும் நடுவில் ஆயிரம் வேறுபாடு சொல்லலாம். கையில் இருப்பது ஒரே கருவி. வருவதும் பெரும்பாலும் ஒரே கிழமை.

காலையில் வங்கிக்காரர் சொன்ன அந்தச் சொல் அங்கேதான் எனக்கு முழுதாகப் புரிந்தது. கிழமை என்றால் வாரத்தின் நாள் என்று நமக்குத் தெரியும். பழைய தமிழில் அதற்கு உரிமை என்று பொருள்; ஞாயிற்றுக்கிழமை என்றால் ஞாயிற்றுக்கு உரிய நாள். நெருங்கிப் பழகியவர் கேட்காமலே எடுத்துக்கொள்ளும் நட்புரிமைக்கும் கிழமை என்றே பெயர். நாளும் உரிமையும் ஒரே சொல்லாக இருப்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஓர் இடத்துக்கு நாம் ஒரு நாளைக் கொடுத்தால்தான் அந்த இடத்தில் நமக்கு உரிமை பிறக்கிறது. மக்கள் பூங்காவைத் துண்டு துண்டாகக் கேட்டபோது, "இது எங்கள் செவ்வாய்க்கிழமை இடம்" என்று சொல்ல ஒரு கூட்டம் இருந்திருந்தால் 116 ஏக்கரும் தப்பியிருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். ஒரு குளமாவது தப்பியிருக்கும்.

பூந்தமல்லியிலிருந்து குமணன்சாவடி, காட்டுப்பாக்கம் வழியாக ஐயப்பன்தாங்கல் திரும்ப இருபது நிமிடம். தெருமுனையில் எங்களுக்கும் ஒரு சின்னப் பூங்கா இருக்கிறது. பழமை ஒன்றுமில்லை, ஒரு சறுக்குமரம், இரண்டு பெஞ்சு, இடுப்பளவு பார்த்தீனியம். தினமும் அதைத் தாண்டிப் போகிறேன். தினமும் யாரையாவது திட்டுகிறேன். அன்று நின்று பார்த்தேன். ஓரத்தில் ஒரு பூவரசு யாரும் தண்ணீர் விடாமலே தலைக்கு மேல் வளர்ந்திருந்தது. எதிர்வீட்டு வாட்ச்மேனிடம், "அண்ணே, இந்தப் பூங்கா சாவி யார்கிட்ட இருக்கு?" என்றேன்.

"பூட்டே இல்லையே சார். சும்மா சாத்தியிருக்கு. தள்ளினா திறக்கும்."

இத்தனை வருடம் தள்ளிப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கோட்டூர்புரத்தில் ஒரு மகிழங்கன்று பாக்கி இருக்கிறது. அதனால் எங்கள் தெருவுக்குச் சனிக்கிழமை, காலை ஆறரையிலிருந்து எட்டு. தொப்பியும் தண்ணீர் பாட்டிலும் கொண்டுவாருங்கள். முதல் நாள் எதையாவது தவறாகப் பிடுங்கிவிட்டால் கவலைப்பட வேண்டாம். அடுத்த சனிக்கிழமை வந்து நட்டுவிடலாம். ஐயப்பன்தாங்கலுக்கு வர முடியாதவர்கள் தங்கள் தெருமுனைக் கேட்டைத் தள்ளிப் பார்க்கலாம். பெரும்பாலும் அது பூட்டியிருக்காது.